திசுப் பசை செய்ய ஆசைப்படும் மகளுக்கு எந்தப் படிப்பு?

அம்மா, "பிளஸ் டூ முடிக்கும் மகள் ஆபரேஷனில் தையலுக்குப் பதிலாகப் போடும் பசையைக் கண்டுபிடிக்கப் போகிறேன் என்கிறாள், இதற்கெல்லாம் வேலை இருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது. இன்னும் தீராத பிரச்சினை இது, அதனால் ஆள் தேவைப்படுகிறது.

நுரையீரல், குடல் போன்றவை ஈரமானவை, ஓயாமல் அசைபவை. அவற்றைத் தைத்தால், ஊசி குத்திய துளை வழியே காற்றோ திரவமோ கசியலாம். சூப்பர் குளூ வகையைச் சேர்ந்த சயனோஅக்ரிலேட் பசை நன்றாக ஒட்டும். ஆனால் இறுகும்போது சூடாகும், விறைத்துப்போகும், சிதையும்போது ஃபார்மால்டிஹைடு என்ற நச்சுப்பொருள் வெளிவரும். மூலக்கூறின் பக்கச் சங்கிலியை நீட்டினால் சிதைவு மெதுவாகிறது. அப்படி வந்த ஆக்டைல் வகைக்கு 1998-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, அதுவும் தோலின் மேல் போடத்தான். இரத்தம் உறையும் முறையிலேயே வேலை செய்யும் ஃபைப்ரின் பசை உடலுக்கு ஒத்துப்போகும், பிடிமானம்தான் குறைவு. ஆல்புமின் என்ற இரத்தப் புரதத்தைக் குளூட்டரால்டிஹைடு என்ற ரசாயனத்தால் பிணைக்கும் பசை வலுவானது, ஆனால் அந்த ரசாயனம் திசுவைப் பாதிக்கலாம். உங்கள் மகள் கைவைக்க நினைப்பது இந்தச் சிக்கலில்தான்.

2017-ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் ஓடில்லாத நத்தையின் சளியைப் பார்த்து, ஈரத்திலும் ஒட்டி, இழுத்தால் நீளும் பசை ஒன்றைச் செய்தார்கள். அவள் இதைப் படித்திருந்தால் ஆச்சரியமில்லை.

சரி, படிப்புக்கு வருவோம். பயோமெடிக்கல் என்ற பெயரைப் பார்த்து இளநிலையிலேயே அதில் சேர்க்க வேண்டாம் என்பேன். அவளுக்குப் பிடித்தது வேதியியல். அதையோ பாலிமர் தொழில்நுட்பத்தையோ ஆழமாகப் படிக்கட்டும், உடலுக்குள் பயன்படும் பொருட்களை உருவாக்கும் உயிரிப்பொருள் துறைக்கு முதுநிலையில் போகலாம். செல் உயிரியல் மட்டும் கூடவே வேண்டும்.

அன்றாட வேலை எப்படி இருக்கும் என்று அவளிடம் சொல்லுங்கள். பன்றித்தோல் துண்டுகள் இரண்டை ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஒட்டி, இயந்திரத்தில் இழுத்து, எந்த விசையில் பிரிகிறது என்று குறிப்பார்கள். அப்புறம் பசையை ஊறவைத்த திரவத்தில் செல்களை வளர்த்து, எத்தனை பிழைக்கின்றன என்று பார்ப்பார்கள். பல மாதம் உழைத்த கலவை அங்கே தோற்றுப்போகும். அதைத் தாங்கும் பொறுமை மதிப்பெண்ணைவிட முக்கியம்.

சொந்தமாகப் பசை உருவாக்கி ஆராய முனைவர் பட்டம் வரை போவது நல்லது, அதற்கு ஆண்டுகள் ஆகும். அதுவரை படிக்க வீட்டுச் சூழல் இடம் தராவிட்டால், முதுநிலையோடு மருத்துவக் கருவி நிறுவனங்களில் பாதுகாப்புச் சோதனை, தரக் கட்டுப்பாடு, அனுமதி ஆவணப் பணி என்று வேலைகள் உண்டு. ஒரு பசை நோயாளிக்குத் தீங்கு செய்யுமா என்று கண்டுபிடிப்பவர்கள் இவர்கள். இதை இரண்டாந்தர வேலையாக நினைக்காதீர்கள்.

கல்லூரி தேர்ந்தெடுக்கும்போது பாலிமர் ஆய்வகம் இருக்கிறதா, இளநிலை மாணவர்களை உள்ளே விடுகிறார்களா என்று முதலில் கேளுங்கள்.