எல்லைக்கு இந்தப் பக்கம் ஷெட் போடலாமா?

கேள்வி: கேரள எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையில் சொந்த இடம் இருக்கிறது. இரண்டு சிஎன்சி லேத் (கணினி இயக்கும் கடைசல் இயந்திரம்) போட்டு, கோவை பம்ப் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் (அவர்கள் பொருளைக் கூலிக்குக் கடைந்து கொடுப்பது) செய்ய எண்ணம். வேலந்தாவளம் வழியாகப் போனால் தூரமும் அதிகமில்லை. பிறகு ஏன் எல்லாரும் கோவையின் கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் வாடகை கொடுத்து நெருக்கியடிக்கிறார்கள்?
— வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: காஸ்டிங் (வார்ப்பு) வரும் நடை ஒன்று, முடித்த பொருள் போகும் நடை ஒன்று என்று கணக்குப் போடுகிறீர்கள். நடுவில் வரும் நடைகள்தான் ஆளைக் கவிழ்க்கும். காஸ்டிங்கில் புளோ ஹோல் (உள்ளே காற்றுக் குழி) இருந்தால் வெளியே தெரியாது. முதல் வெட்டில் மேல்தோல் உரிந்த பிறகுதான் பல்லிளிக்கும். அந்தப் பீஸ் வார்த்துக் கொடுத்த ஃபவுண்ட்ரிக்குப் போய் மாற்று வரும்வரை, செட்டிங் போட்ட மெஷின் சும்மா நிற்கும். மணல் ஒட்டிய இடத்தில் இன்சர்ட் (லேத்தில் மாட்டும் வெட்டுத் துண்டு) முனை பொரிந்துபோகும். கணபதியில் என்றால் பையன் பைக்கில் போய் அரை மணியில் புதிது வாங்கி வந்துவிடுவான். பேரிங், கேஜ் காலிபரேஷன் (அளவுக் கருவியைச் சரிபார்ப்பது), ஹீட் ட்ரீட்மென்ட் (சூடேற்றிப் பதப்படுத்துவது) எல்லாம் அப்படித்தான். அங்கே கொடுக்கும் வாடகை இந்த அரை மணிகளுக்கான விலை.

கோவையின் அந்தப் பட்டறைக் கூட்டம் ஒரே நாளில் சேர்ந்ததல்ல. 1930களில் நீலகிரியின் பைகாரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்து மில்கள் பெருகின; மில்லுக்கு உதிரிபாகம் செய்த பட்டறைகள், கிணறுகளுக்கு மோட்டார் பம்ப்பும் செய்யத் தொடங்கின.

அடுத்தது காகிதம். கோவை கம்பெனி உங்களுக்குக் காஸ்டிங்கை டெலிவரி சலானில், வரியில்லாமல் அனுப்பலாம். ஒரு வருடத்துக்குள் திரும்ப வேண்டும். ஆனால் ஜாப் ஒர்க்குக்காக மாநிலம் தாண்டினால், சரக்கின் மதிப்பு 50,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்தாலும் இ-வே பில் (சரக்கோடு போகும் மின்னணுச் சீட்டு) கட்டாயம். பலர் சறுக்குவது இங்கேதான். குட்டி யானை வழியில் பழுதாகி வேறு வண்டிக்கு மாற்றினால், அந்தப் பில்லின் பகுதி ‘பி’யில் புது வண்டி எண் ஏற்றாமல் நகரக் கூடாது. ‘50 கிலோமீட்டருக்குள் வண்டி எண் வேண்டாம்’ என்பார்கள். அந்தச் சலுகை மாநிலத்துக்குள், டிரான்ஸ்போர்ட்காரர் இடம் வரைக்கும் மட்டும்.

ஆகவே இந்தப் பக்கம் போடலாம், ஆனால் எல்லா வேலைக்கும் அல்ல. ஒரே பாகம், பெரிய எண்ணிக்கை, அடிக்கடி செட்டிங் மாறாத வேலையாகப் பிடியுங்கள். நூற்றுக்கு 5 கழியும் என்று வைத்தால், 500 பீஸ் ஆர்டருக்கு 530 காஸ்டிங் முதல் நடையிலேயே வந்திறங்கட்டும். இன்சர்ட் பெட்டி இரண்டு எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். பத்துப் பத்தாக வரும் அவசர வேலையைத் தொடவே வேண்டாம். அது கணபதிக்காரன் பிழைப்பு.

கேள்வி: கஞ்சிக்கோட்டில் இரும்பு உருக்கும் உலைகளும், வாளையார் வரை லாரிக் கூட்டமும் சேர்ந்ததற்கு என்ன காரணம்?
— வாசகர், வாளையார்

பதில்: மலைத்தொடரில் பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகல வாசல். நெடுஞ்சாலை 544-ம் ரயில் பாதையும் அதற்குள்தான் நுழைந்தாக வேண்டும். இண்டக்‌ஷன் உலை ஒரு டன் ஸ்கிராப்பை உருக்க ஏறக்குறைய 600 யூனிட் மின்சாரம் குடிக்கும். எனவே அதற்கு இடம் பார்ப்பவர் முதலில் கேட்பது மின் கட்டணத்தை, பிறகு கம்பி விற்கும் சந்தையை.

லாரிக் கணக்கு வேறு. அரிசி, காய்கறி, சிமென்ட் என்று கேரளத்துக்குள் வருவது அதிகம், வெளியே போவது குறைவு. திரும்பும் வண்டிகளுக்குச் சுமை கிடைக்காது. அதனால் கிழக்கே சரக்கு அனுப்புவோருக்கு ரிட்டர்ன் லோடு வாடகை குறைவாகவே கிடைக்கும். குறை என்னவென்றால், வண்டி எப்போது வரும் என்று உறுதியில்லை. சொன்ன தேதிக்குக் கொடுக்க வேண்டிய சரக்கை அதை நம்பி ஏற்றாதீர்கள்.

2017 ஜூலை 1-க்கு முன், மாநிலம் தாண்டி விற்றால் விழும் மத்திய விற்பனை வரியைத் தவிர்க்க மாநிலத்துக்கு ஒரு குடோன் வைத்தார்கள். ஜிஎஸ்டி வந்ததும் அந்தக் காரணம் போயிற்று, வணிகவரிச் செக்போஸ்ட் வரிசையும் போயிற்று. வாசல் மட்டும் அங்கேயே இருக்கிறது.

கேள்வி: 20 அடி கன்டெய்னரில் இரும்புக் காஸ்டிங் எவ்வளவு ஏற்றலாம்?
— வாசகர், சித்தூர், பாலக்காடு மாவட்டம்

பதில்: உள்ளளவு சுமார் 33 கன மீட்டர், ஆனால் இடம் நிறையும் முன்பே எடை நிறைந்துவிடும். 20 டன் வார்ப்பிரும்பு கெட்டியாக 3 கன மீட்டர்கூட வராது. ஒரு மூலையில் குவிக்காமல் பேலட்டில் தரை முழுக்கப் பரப்பி, மரக்கட்டை அடித்து நிறுத்துங்கள். கன்டெய்னர் கதவில் எழுதியிருக்கும் எடையை மட்டும் பார்த்து ஏற்றாதீர்கள்; டிரெய்லரின் ஆர்சி புத்தகத்து மொத்த எடை அதைவிட முன்னால் தடுக்கும். சரக்கும் கன்டெய்னரும் சேர்ந்த மொத்த எடைச் சான்று இல்லாவிட்டால் கொச்சியின் வல்லார்பாடத்திலானாலும் தூத்துக்குடியிலானாலும் கன்டெய்னர் கப்பலேறாது.