தொட்டியில் தண்ணீர் நிற்கும்போதே மிளகாய்ச்செடி வாடுவது ஏன்?

எங்கள் மொட்டை மாடியிலும் இது நடந்தது. வெயில் காலம் என்று காலை, மாலை இரண்டு வேளையும் தண்ணீர் விட்டுவந்தேன். ஒரு நாள் மதியம், காய்ப்புக்கு வந்த செடி தலை தொங்கி நின்றது. இன்னும் ஒரு சொம்பு ஊற்றினேன். சாயங்காலம் இலையெல்லாம் துவண்டுவிட்டது. தொட்டியைச் சாய்த்துப் பார்த்தால், வடிகால் துளையை வேரும் மண்ணும் அடைத்திருந்தன. குச்சியால் குத்தியதும் கறுப்புத் தண்ணீர் கொட்டியது, அழுகிய முட்டை வாடையோடு.

வேர் அழுகலைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அது அப்புறம் வருவது. அழுகுவதற்கு முன்பே வேர், தண்ணீர் நுழையும் தன் கதவுகளை மூடிவிடுகிறது.

அந்தக் கதவுகள் அக்குவாபோரின் என்னும் புரதங்கள். மனித இரத்தச் சிவப்பணுவில் உள்ள இப்படியொரு புரதம்தான் நீருக்கு வழிவிடுகிறது என்று 1992-இல் அமெரிக்க விஞ்ஞானி பீட்டர் ஆக்ரேயின் குழு காட்டியது. ஆக்ரேவுக்கு 2003-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. வேர்ச் செல்லின் சவ்விலும் இதே குடும்பம்தான். நடுவில் ஒரு நுண்துளை. நீர் மூலக்கூறுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில்தான் போக முடியும். அப்படியிருந்தும் சிவப்பணுவில் உள்ள ஒரு துளை வழியாக நொடிக்குச் சுமார் 300 கோடி மூலக்கூறுகள் கடக்கின்றன!

சரி, மூடுவது எப்படி? செல்லுக்குள் சேரும் அமிலத்தை வெளியே தள்ள ஒரு பம்பு இருக்கிறது, அதுவும் புரதம்தான். அது ஓட ஆற்றல் வேண்டும். ஆற்றலுக்கு ஆக்ஸிஜன் வேண்டும். மண்ணின் இடுக்குகளில் தண்ணீர் நிரம்பிவிட்டால் காற்றுக்கு இடமில்லை. பம்பு தளர்ந்து உள்ளே அமிலம் ஏறுகிறது. புரதங்கள் அமினோ அமிலங்கள் என்னும் சிறு கண்ணிகளால் ஆனவை; அக்குவாபோரினில் ஹிஸ்டிடின் என்ற அப்படியொரு கண்ணி இதை உணர்ந்ததும் துளை மூடிக்கொள்கிறது. பிரான்சின் மோன்பெலியே ஆய்வாளர்கள் அராபிடாப்சிஸ் என்னும், ஆய்வகங்களில் வளர்க்கும் சிறு செடியில் 2003-இல் இதைக் காட்டினார்கள். கீழே கதவு மூடியாயிற்று, மேலே வெயிலில் இலை நீரை விட்டுக்கொண்டே இருக்கிறது. வாடாமல் என்ன செய்யும்?

எனக்குப் பிடித்த இடம் அந்தப் பம்புதான். அது வெளியே தள்ளும் அமில அயனிகள் திரும்பி உள்ளே வரும்போதுதான் நைட்ரேட் என்னும் தழைச்சத்தையும் கூடவே இழுத்து வருகின்றன. பம்பு நின்றால் தண்ணீரோடு சத்தும் நிற்கும், இலை மஞ்சளாகும். அந்த நேரத்தில் உரம் போடாதீர்கள், வேரால் எடுக்க முடியாது.

செடி வாடினால் முதலில் இரண்டு அங்குலம் விரலை விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் ஊற்ற வேண்டாம். துளையைத் திறந்து, நிழலில் வைத்து, மேல்மண் காயும்வரை விட்டுவிடுங்கள். என் செடி நான்காம் நாள் நிமிர்ந்தது.