கம்பியில்லா வேக்குவம் கிளீனர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கம்பியில்லா வேக்குவம் கிளீனர் பற்றி வந்த கடிதங்களில் பல வீடுகளுக்குப் பொதுவான கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

ஒரு பெட்டியில் 20 கிலோபாஸ்கல், இன்னொன்றில் 33 கிலோபாஸ்கல், மூன்றாவதில் 400 வாட் என்று போட்டிருக்கிறது. எதை நம்பி வாங்குவது?
– வாசகர், சேலம்

மூன்றும் ஒரே விஷயத்தைச் சொல்லவில்லை. வாட் என்பது மோட்டார் பேட்டரியிலிருந்து எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்ற கணக்கு. எவ்வளவு தூசியை இழுக்கிறது என்பதை அது சொல்லாது. கிலோபாஸ்கல் என்பது உறிஞ்சும் வாயை முழுக்க அடைத்துவிட்டு அளக்கும் அழுத்தம். இளநீர் குடிக்கும் ஸ்ட்ராவின் நுனியை விரலால் மூடிக்கொண்டு உறிஞ்சினால் இழுவை பலமாகத் தெரியும், ஆனால் ஒரு சொட்டும் வராது. அதுபோலத்தான் இதுவும். தூசியைத் தூக்கிச் செல்வது காற்றின் ஓட்டம். ஓட்டம், அழுத்தம் இரண்டையும் சேர்த்துச் சொல்லும் அளவு ‘ஏர்வாட்’. அதை அச்சிட்டிருக்கும் மாடல்களை ஒன்றோடொன்று ஒப்பிடலாம். அப்போதும் அந்த எண் எந்த வேகத்துக்கானது என்று கேளுங்கள். பெரும்பாலும் அது ‘பூஸ்ட்’ எனும் உச்ச வேகத்தின் எண்ணாகவே இருக்கும். தினமும் ஓட்டப்போவது நடுத்தர வேகத்தில்.

டைல்ஸ், கிரானைட், மொசைக் தரை உள்ள வீட்டுக்கு இந்த எண்களைவிட அடியில் இருக்கும் பிரஷ் ஹெட்தான் முக்கியம். வழவழப்பான தரைக்கு மிருதுவான துணி ரோலர் வேண்டும். அது நைசான தூசியைத் துடைத்தெடுக்கும், கல்லையும் கீறாது. கம்பளம், கால்மிதி, மெத்தைக்கு முள் வைத்த ரோலர் வேண்டும். முள் ரோலர் மட்டும் கொடுக்கும் மாடலை டைல்ஸ் தரையில் ஓட்டினால், அரிசியையும் மண்துகளையும் உள்ளே இழுப்பதற்குப் பதில் பின்பக்கமாகச் சிதறடிக்கும். பெட்டிக்குள் எந்த ரோலர் இருக்கிறது, மற்றது தனியாகக் கிடைக்குமா, என்ன விலை என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

60 நிமிடம் ஓடும் என்று சொன்னார்கள். 11 நிமிடத்தில் நின்றுவிடுகிறது. பழுதான பொருளைத் தந்துவிட்டார்களா?
– வாசகி, மதுரை

பூஸ்டில் ஓட்டியிருந்தால் அது பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. பேட்டரியின் அடியில் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். உதாரணமாக 25.2 வோல்ட், 2500 மில்லி ஆம்பியர் மணி என்று இருந்தால், 25.2 x 2.5 = 63 வாட் மணி. அதுதான் பேட்டரியில் இருக்கும் மொத்தச் சக்தி. மோட்டார் பூஸ்டில் 350 வாட் இழுத்தால் 63-ஐ 350-ஆல் வகுத்து, நிமிடமாக்க 60-ஆல் பெருக்க, கிட்டத்தட்ட 11 நிமிடம் வரும். நடுவேகத்தில் 150 வாட் என்றால் 25 நிமிடம். குறைந்த வேகத்தில் 60 வாட் என்றால் 63 நிமிடம். விளம்பரத்தில் வருவது இந்தக் கடைசிக் கணக்கு. அதையும் பெரும்பாலும் மோட்டார் இல்லாத சின்ன முனையை மாட்டித்தான் அளக்கிறார்கள். சுழலும் ரோலரை மாட்டினால் அதற்குத் தனியாக மின்சாரம் போகும், நேரம் இன்னும் குறையும்.

மில்லி ஆம்பியரை மட்டும் வைத்து இரண்டு மாடல்களை ஒப்பிடாதீர்கள். 14.8 வோல்ட், 2500 என்றால் 37 வாட் மணிதான். 25.2 வோல்ட், 2000 என்றால் 50 வாட் மணிக்கு மேல். எண் சிறியதாகத் தெரியும் இரண்டாவதுதான் பெரிய பேட்டரி.

800 சதுர அடி வீட்டில் கட்டிலும் பீரோவும் அடைத்த இடம் போக மிச்சத் தரையை நிதானமாகச் சுத்தம் செய்ய 15 முதல் 20 நிமிடம் போதும். நடுவேகத்தில், ரோலர் சுழலும் நிலையில் 20 நிமிடம் தாங்குகிறதா என்பதே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. முழு சார்ஜில் அந்த வேகத்தில் ஓட்டி, கைபேசியில் நேரம் பாருங்கள். 12 நிமிடத்துக்குள் நின்றால் புகார் கொடுக்கலாம்.

ஆன்லைனில் வாங்கியிருக்கிறேன். திருப்பிக் கொடுக்க சில நாட்களே அவகாசம். அதற்குள் எப்படிப் பரிசோதிப்பது?
– வாசகர், நாகர்கோவில்

முதலில் அட்டைப்பெட்டியையும் உள்ளே இருந்த தாங்கு அட்டைகளையும் தூக்கிப் போடாதீர்கள். பேட்டரியை முழுதாக சார்ஜ் செய்யுங்கள். சமையலறைத் தராசு ஒன்று இருந்தால் போதும், வீட்டிலேயே நல்ல சோதனை செய்யலாம்.

காலியான தூசிப்பெட்டியைக் கழற்றி எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தரையில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம் குறித்து, அதில் 50 கிராம் ரவையைப் பரவலாகத் தூவுங்கள். நடுவேகத்தில், அவசரமில்லாமல், ஒவ்வொரு வரிசையிலும் ஒருமுறை முன்னே, ஒருமுறை பின்னே இழுங்கள். பிறகு தூசிப்பெட்டியை மறுபடி எடை போடுங்கள். டைல்ஸ் தரையில் 48 கிராமாவது உள்ளே வந்திருக்க வேண்டும் என்பது எங்கள் அளவுகோல். குறைந்தால் மிச்சம் எங்கே போனது என்று தேடுங்கள். டைல்ஸ் இடுக்கில் தங்கியிருந்தால் காற்றோட்டம் போதவில்லை. சதுரத்துக்கு வெளியே சிதறியிருந்தால் ரோலர் அந்தத் தரைக்குப் பொருந்தவில்லை.

அடுத்து ஒரு கைப்பிடி கொண்டைக்கடலை. பல பிரஷ் ஹெட்களின் முன்விளிம்பு மிகத் தாழ்வாக இருப்பதால், கடலையை உள்ளே விடாமல் முன்னால் தள்ளிக்கொண்டே போகும். குழந்தைகள் சாப்பாடு சிந்தும் வீட்டுக்கு இது தினசரித் தொல்லை. முன்பக்கம் திறப்பு உள்ள ஹெட் என்றால் இந்தப் பிரச்சினை வராது.

சுவரோரம் ரவையை ஒரு கோடாக இட்டு, ஹெட்டைச் சுவரை ஒட்டி ஓட்டுங்கள். ஒட்டிய பிறகும் விரல் அகலத்துக்கு ரவை நின்றால், ஒவ்வொரு முறையும் ஓரங்களுக்குச் சந்து முனையை மாற்றி மாட்ட வேண்டியிருக்கும். பிறகு சீப்பில் சேர்ந்த நீளமான முடி ஒரு பத்துப் பதினைந்து இழை எடுத்துப் போடுங்கள். எத்தனை இழை பெட்டிக்குள் போகிறது, எத்தனை ரோலரில் சுற்றிக்கொள்கிறது என்று பாருங்கள். நீளமான கூந்தல் உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் முதலில் மக்கர் செய்வது இந்த இடம்தான். ரோலரைக் கருவி எதுவும் இல்லாமல் கையால் கழற்ற முடிகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

தூசி வெளியே கசிகிறதா என்ற சோதனையைப் பலர் செய்வதில்லை. இரவில் விளக்கை அணைத்து, ஒரு டீஸ்பூன் டால்கம் பவுடரை மட்டும் தரையில் தூவி உறிஞ்சுங்கள். காற்று வெளியேறும் துளைகளின் மேல் இன்னொருவர் டார்ச் அடிக்கட்டும். வெளிச்சத்தில் புகைபோல் துகள் தெரிந்தால் ஃபில்டரோ அதைச் சுற்றியுள்ள ரப்பர் வளையமோ சரியாக அமரவில்லை. கழற்றி அழுத்தி மாட்டிய பிறகும் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஒரு டீஸ்பூனுக்கு மேல் போடாதீர்கள், ஃபில்டர் அடைத்துக்கொள்ளும்.

கடைசியாக உங்கள் கை. சீலிங் ஃபேன், பரண், ஒட்டடை இவற்றுக்கும் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் இரண்டு நிமிடம் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். மோட்டாரும் பேட்டரியும் கைப்பிடியிலேயே இருப்பதால் மொத்த எடையும் மணிக்கட்டில் விழும். விசையை விரலால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டிய மாடல், மூட்டுவலி உள்ளவர்களுக்கு ஆகாது. ஒருமுறை தட்டினால் ஓடிக்கொண்டே இருக்கும் பொத்தான் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். கட்டிலுக்கு அடியில் குழாயைத் தரையோடு தரையாகச் சாய்த்தும் பாருங்கள். சில ஹெட்கள் அப்போது முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும்: பெரும்பாலான மாடல்கள் தானாக நிமிர்ந்து நிற்காது. சுவரில் துளை போட்டுத் தாங்கியை மாட்ட வேண்டும், அல்லது தனி ஸ்டாண்ட் வாங்க வேண்டும்.

பூஜையறையில் கோலப்பொடி, விபூதி, ஊதுபத்திச் சாம்பல் எல்லாவற்றையும் இதிலேயே எடுத்துவிடலாமா?
– வாசகி, காஞ்சிபுரம்

சிந்திய சிறிதளவை எடுக்கலாம். முழுக் கோலத்தையும் தினமும் இதில் இழுக்காதீர்கள். கடையில் விற்கும் கோலப்பொடியில் பெரும்பாலும் கல்மாவுதான் இருக்கிறது. அவ்வளவு நைசான பொடி ஃபில்டரின் மடிப்புகளில் அப்பிக்கொண்டு, காற்றின் வழியை வெகு சீக்கிரம் அடைத்துவிடும். அதற்குத் துடைப்பமே நல்லது. குங்குமம் ஃபில்டரில் உள்ள ஸ்பாஞ்சில் சாயம் பிடிக்கும், வேறு கெடுதல் இல்லை. ஊதுபத்தி, சாம்பிராணிச் சாம்பல் முழுக்க ஆறியிருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத கனல் ஒன்று உள்ளே போனாலும், காற்று பட்டுப் பெட்டிக்குள் இருக்கும் முடியும் பஞ்சும் பற்றிக்கொள்ளும்.

சுவரில் துளை போட்ட சிமெண்ட் தூள், பட்டி தேய்த்த தூள், தண்ணீர், ஈரமான சோற்றுப் பருக்கை இவை கூடவே கூடாது. ஈரத்தையும் எடுப்பதற்கென்று இரண்டு தொட்டி வைத்த மாடல்கள் தனியாக வருகின்றன. சாதாரண மாடலுக்கு அந்த வேலை ஆகாது.

ஃபில்டரைக் கழுவலாமா என்பதைக் கையேட்டில் பார்த்த பிறகே தண்ணீரில் காட்டுங்கள். கழுவக்கூடியது என்றால் முதலில் குப்பைத்தொட்டிக்குள் மெதுவாகத் தட்டி உதிர்த்துவிட்டு, சோப்பு இல்லாமல், குழாய்த் தண்ணீரில் தெளிவாக வரும்வரை அலசுங்கள். காற்றோட்டமான நிழலில் குறைந்தது 24 மணி நேரம் காய வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் 48 மணி நேரம் ஆகலாம். ஹேர் டிரையர் காட்டாதீர்கள், மடிப்புகள் சுருங்கிவிடும். அரை ஈரத்தோடு மாட்டினால் தூசி சேறாகி அடைத்துக்கொள்ளும், அடுத்த நாளே வாடை வரும், ஈரக்காற்று மோட்டாருக்குள்ளும் போகும். இரண்டாவது ஃபில்டர் ஒன்றை வாங்கி மாற்றி மாற்றிப் போடுவதுதான் எளிய வழி.

ஓடும்போது விட்டுவிட்டு இரைகிறது. ஒரு நொடி ஓடி, ஒரு நொடி நின்று, மறுபடி ஓடுகிறது. சர்வீஸுக்குக் கொடுக்க வேண்டுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

உடனே வேண்டாம். பல மாடல்களில் அது காற்று வழியில் அடைப்பு இருப்பதற்கான அடையாளம். மோட்டார் சூடாகாமல் தன்னைக் காத்துக்கொள்ள விட்டுவிட்டு ஓடுகிறது. குழாயையும் ஹெட்டையும் கழற்றிவிட்டு, கையிலுள்ள பகுதியை மட்டும் ஓட்டுங்கள். அப்போதும் அப்படியே இரைந்தால் அடைப்பு ஃபில்டரிலோ, தூசிப்பெட்டியின் நடுவில் இருக்கும் சல்லடையிலோ இருக்கிறது. ஒழுங்காக ஓடினால் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். குழாயும் சரி என்றால் ஹெட்டின் கழுத்து வளைவில் பஞ்சுருண்டையோ பிளாஸ்டிக் தாளோ சிக்கியிருக்கும்.

ரோலர் மட்டும் நின்று நின்று சுழன்றால், அதன் இரண்டு முனைகளிலும் முடி இறுகச் சுற்றியிருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு ரோலரை எடுத்து, சின்னக் கத்தரியால் நீளவாக்கில் வெட்டி இழுங்கள். இத்தனைக்குப் பிறகும் மாறவில்லை என்றால் சர்வீஸுக்குக் கொடுங்கள்.

குழந்தைக்கு அடிக்கடி இளைப்பு வருகிறது. மெத்தையில் இருக்கும் தூசிப்பூச்சியைப் புற ஊதா விளக்கு வைத்த மாடல் கொல்லும் என்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகி, சென்னை

அந்த விளக்குக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். புற ஊதாக் கதிர் வேலை செய்ய ஒரே இடத்தில் போதிய நேரம் பட வேண்டும். நகர்த்திக்கொண்டே போகும்போது ஒவ்வோர் இடத்திலும் அது ஓரிரு நொடிதான் படுகிறது. துணிக்கு உள்ளே இருக்கும் பூச்சியை அது எட்டவும் எட்டாது. தவிர, ஒவ்வாமையைத் தூண்டுவது பூச்சியின் கழிவும் செத்த உடல் துகளும்தான். அவற்றை வெளியே எடுத்தால்தான் பலன்.

விளக்குக்குக் கொடுக்கும் பணத்தை ஃபில்டருக்குக் கொடுங்கள். எச்13 தர ஹெப்பா ஃபில்டர், பிடிப்பதற்கு மிகக் கடினமான நுண்துகள்களிலும் 99.95 சதவீதத்தைத் தடுக்க வேண்டும். ஆனால் ஃபில்டரைச் சுற்றி இடைவெளி இருந்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை, அதனால்தான் மேலே டார்ச் சோதனையைச் சொன்னோம். மெத்தைக்கு மோட்டார் வைத்த சின்ன ரோலர் முனையை மாட்டி, ஒற்றைக் கட்டில் மெத்தையின் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடமாவது மெதுவாக ஓட்டுங்கள். இலவம்பஞ்சு மெத்தையில் துணி உள்ளே இழுபட்டால் வேகத்தைக் குறையுங்கள்.

வாரம் ஒருமுறை விரிப்பையும் தலையணை உறையையும் 60 டிகிரி வெந்நீரில் துவைப்பது பூச்சியைக் கொல்லும். உறிஞ்சுவதைவிட அது முக்கியம். சுத்தம் செய்யும்போதும், அதன்பின் சிறிது நேரமும் குழந்தை அந்த அறையில் இருக்க வேண்டாம். தூசிப்பெட்டியையும் குழந்தை இல்லாத இடத்தில், பிளாஸ்டிக் பைக்குள் நுழைத்துப் பிடித்துக் கொட்டுங்கள். மருத்துவர் சொன்ன மருந்தை இதையெல்லாம் நம்பி நிறுத்திவிடாதீர்கள்.

வயர் உள்ளது நல்லதா, வயர் இல்லாததா?
– வாசகர், ஈரோடு

தினமும் பத்து நிமிடம் கூட்டுவதற்கு வயர் இல்லாதது. மாதம் ஒருமுறை சோபா, திரைச்சீலை, மெத்தை என்று மணிக்கணக்கில் சுத்தம் செய்வதற்கு வயர் உள்ளது. அதே விலையில் வயர் உள்ளதில் இழுவையும் அதிகம், மாற்ற வேண்டிய பேட்டரியும் இல்லை. வீட்டில் பெருக்க ஆள் வருகிறார் என்றால் வயர் உள்ளதே போதும் என்பது எங்கள் எண்ணம்.

எங்கள் ஊர் வெயிலில் பேட்டரி எத்தனை வருடம் வரும்? பழையதை என்ன செய்வது?
– வாசகி, திருநெல்வேலி

இவற்றில் இருப்பது லித்தியம் அயான் செல்கள். முழுதாக ஏற்றி முழுதாக இறக்குவதை ஒரு சுற்று என்று வைத்தால், இவ்வகைச் செல்கள் பொதுவாக 300 முதல் 500 சுற்றுக்குள் 80 சதவீதக் கொள்ளளவுக்கு இறங்கிவிடும். தினமும் பாதி பேட்டரி செலவழிக்கும் வீட்டில் அது இரண்டு வருடத்தை ஒட்டி வரும். ஆகவே பேட்டரியை நாமே கழற்றி மாற்றும்படி இல்லாத மாடலை வாங்கவே வாங்காதீர்கள். மாற்று பேட்டரியின் விலையையும், உங்கள் ஊரில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்பதையும் வாங்கும் நாளிலேயே விசாரியுங்கள். உத்தரவாதத்தில் உடலுக்கு ஒரு காலமும் பேட்டரிக்கு வேறு காலமும் போட்டிருக்கலாம், படித்துப் பாருங்கள்.

வெயிலைவிடக் கெடுதல் செய்வது சூட்டோடு சார்ஜ் போடுவது. பூஸ்டில் ஓட்டியபின் அரைமணி நேரம் ஆறவிட்டுப் பிளக்கில் மாட்டுங்கள். மேற்கு வெயில் விழும் சுவரிலும் அடுப்புக்குப் பக்கத்திலும் தாங்கியை அடிக்காதீர்கள். கோடை விடுமுறைக்கு வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறீர்கள் என்றால், பாதி சார்ஜில் கழற்றி நிழலான அலமாரியில் வையுங்கள். மாற்று பேட்டரி வாங்கும்போது மலிவு என்று பெயர் தெரியாததை எடுக்க வேண்டாம். ஐஎஸ் 16046 என்ற இந்தியத் தர எண்ணும் பதிவு எண்ணும் அதன்மேல் இருக்க வேண்டும்.

உப்பிய, சூடேறும், அடிபட்ட பேட்டரியை மேற்கொண்டு சார்ஜ் செய்யாதீர்கள். பழையதைக் குப்பை வண்டியில் போடக் கூடாது, நசுங்கினால் தீப்பிடிக்கும். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பயன்படுத்திய பேட்டரிகளைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. இரண்டு முனைகளிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டி, அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரிலோ மின்கழிவு சேகரிக்கும் மையத்திலோ கொடுங்கள்.