மனாங் வரை ஜீப்பில் போனால் நாள் மிச்சமா?

கேள்வி: நானும் மூன்று நண்பர்களும் அக்டோபரில் நேபாளத்தில் அன்னபூர்ணா சர்க்யூட் என்ற மலைப்பாதையில் நடக்கப் போகிறோம். முதல் நாள் பெசிசஹரிலிருந்து மனாங் வரை ஜீப், மறுநாள் தோரோங் பேடி, அதற்கு மறுநாள் தோரோங் லா கணவாய் என்று ஏஜென்ட் திட்டம் கொடுத்திருக்கிறார். "டயமாக்ஸ் (உயர நோய்க்கான மாத்திரை) போட்டுக்கொண்டால் ஒன்றும் ஆகாது" என்கிறார். 66 வயதான என் அம்மா விமானத்தில் ஜோம்சோம் வந்து, முக்திநாத்தில் இரண்டு நாள் தங்கி எங்களுக்காகக் காத்திருப்பார். இது சரிதானா?

பதில்: சரியில்லை. உங்கள் திட்டமும் சரியில்லை, அம்மாவின் திட்டமும் சரியில்லை.

பெசிசஹர் சுமார் 800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மனாங் 3,540 மீட்டர். மர்ஸ்யாங்தி பள்ளத்தாக்கில் சாலை வந்துவிட்டதால் வண்டி ஏறிவிடுகிறது, உடம்பு ஏறுவதில்லை. குறைந்த ஆக்ஸிஜனுக்கு மூச்சும் ரத்தமும் பழக நாட்கள் வேண்டும். பழகுவதற்குள் ஏறினால் வருவதுதான் உயர நோய். 3,000 மீட்டருக்கு மேலே போனால், நேற்று இரவு படுத்த இடத்தைவிட இன்று படுக்கும் இடம் 500 மீட்டருக்கு மேல் உயரக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை அதே இடத்தில் இன்னோர் இரவும் தங்க வேண்டும். மனாங்கிலிருந்து தோரோங் பேடிக்கு ஒரே நாளில் 900 மீட்டர் ஏற்றம். உங்கள் ஏஜென்டுக்கு இது தெரியாமல் இருக்காது. நாள் குறைவாகக் காட்டினால் பேக்கேஜ் விலை குறைவாகத் தெரியும், அவ்வளவுதான்.

நேரமில்லையென்றால் ஜீப்பில், மனாங்குக்கு முன்னால் வரும் சாமே வரை போங்கள், அதற்கு மேல் நடங்கள். சாமேயில் ஓர் இரவு, பிசாங்கில் ஓர் இரவு, மனாங்கில் குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று. பிறகு யாக் கர்கா, தோரோங் பேடி, கணவாய். மனாங்கில் சும்மா படுத்துக் கிடக்காமல் பகலில் மேலே ஏறிவிட்டு இரவுக்குக் கீழே வாருங்கள். அங்கே ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷனின் மருத்துவ மையம் இருக்கிறது. சீசனில் பிற்பகலில் மருத்துவர்களே உயர நோய் பற்றிப் பேசுவார்கள். கட்டாயம் போய் உட்காருங்கள்.

டயமாக்ஸ் உதவும் மருந்துதான். ஆனால் அது உடம்பு பழகுவதைக் கொஞ்சம் வேகப்படுத்தும், வழியில் தங்க வேண்டிய இரவுகளுக்கு ஈடாகாது. வேண்டுமா, எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள், ஏஜென்டிடம் அல்ல.

இப்போது காப்பீடு. நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மேலே போனபின் லேசாகத் தலைவலி வரும். உடனே யாராவது, "ஆபத்து சார், ஹெலிகாப்டர் கூப்பிடலாம், உங்களுக்குச் செலவில்லை, இன்ஷூரன்ஸ் பார்த்துக்கொள்ளும்" என்பார். 2018-இல் நேபாள அரசே விசாரித்தபோது, சில ட்ரெக்கிங் ஏஜென்சிகள், ஹெலிகாப்டர் நிறுவனங்கள், மருத்துவமனைகள் கூட்டாகக் காப்பீட்டுப் பணத்தைக் கறந்தது வெளியே வந்தது. அதனால் காப்பீட்டு நிறுவனத்தின் அவசர எண்ணைக் கைடு அல்ல, நீங்களே வைத்திருங்கள். முதல் அழைப்பு அங்கேதான். பாலிசி எத்தனை மீட்டர் வரை செல்லும் என்பதையும் பாருங்கள். தோரோங் லா 5,416 மீட்டர். 4,000 மீட்டரோடு நின்றுபோகும் பாலிசி உங்களுக்கு வெறும் காகிதம். அந்த வரியைப் பதினெட்டாம் பக்கத்தில், கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில் ஏன் போடுகிறார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஆனால் தள்ளாடி நடந்தாலோ, பேச்சு குழறினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, போனும் வேண்டாம் பேச்சும் வேண்டாம். அந்த நிமிடமே கீழே இறங்குங்கள், இருட்டாயிருந்தாலும். தினமும் மாலையில் ஒருவரையொருவர் நேர்கோட்டில், முன்காலின் குதிகாலைப் பின்காலின் விரலோடு ஒட்டி வைத்து நடக்கச் சொல்லிப் பாருங்கள். தடுமாறுகிறவர் மறுநாள் மேலே ஏறக்கூடாது.

அம்மா விஷயத்தை விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. முக்திநாத் நமக்குத் திருச்சாளக்கிராமம், 108 திவ்ய தேசங்களில் ஒன்று. அதனால் நம் ஊர்ப் பெரியவர்கள் நிறையப் பேர் போகிறார்கள். "எத்தனையோ பேர் ஜோம்சோம் போய் அன்றே தரிசனம் முடித்துத் திரும்புகிறார்களே, அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று ஏஜென்ட் சொல்லியிருப்பார். உண்மைதான், பெரும்பாலோருக்கு ஆவதில்லை. அவர்கள் சுமார் 3,800 மீட்டருக்கு ஏறினாலும் சில மணி நேரத்தில் இறங்கி, 2,700 மீட்டர் ஜோம்சோமில் படுக்கிறார்கள். கணக்கில் வருவது படுக்கும் உயரம். நீங்களும் இதே காரணத்தால்தான் தோரோங் லாவை ஒரே நாளில் தாண்டி அந்தப் பக்கம் இறங்க முடிகிறது. அம்மாவோ விமானம் ஏறும் பொக்கராவிலிருந்து, அதாவது சுமார் 800 மீட்டரிலிருந்து, அன்றே முக்திநாத் ஏறி இரண்டு இரவு அங்கேயே படுக்கப் போகிறார். அந்த விதிவிலக்கு அவருக்குப் பொருந்தாது. அவர் ஜோம்சோமிலோ அருகே மார்பாவிலோ தங்கட்டும். நீங்கள் முக்திநாத் இறங்கிய மறுநாள் காலை ஜீப்பில் வந்து தரிசனம் முடித்து, உங்களோடே இறங்கட்டும். இதய நோயோ நுரையீரல் நோயோ இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

இன்னும் ஒரு எரிச்சல். 2023 ஏப்ரல் 1 முதல் வெளிநாட்டவர் பதிவு பெற்ற ஏஜென்சி வழியாக, கைடுடன்தான் போக வேண்டும் என்று விதி போட்டார்கள். வழியில் பெர்மிட்டைப் பார்ப்பார்கள், முத்திரை குத்துவார்கள். நேற்று எந்த ஊரில் தூங்கினீர்கள் என்று ஒருவரும் கேட்கமாட்டார். பெர்மிட் என்றதும் நினைவுக்கு வருகிறது: அன்னபூர்ணா பகுதி நுழைவுக் கட்டணம் மற்ற வெளிநாட்டவருக்கு 3,000 நேபாள ரூபாய், இந்தியர் உள்ளிட்ட சார்க் நாட்டவருக்கு 1,000. ஏஜென்ட் பில்லில் எதைப் போட்டிருக்கிறார் என்று பாருங்கள்.

கூடுதலாக ஒரு நாளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 2014 அக்டோபர் 14 அன்று ஹுட்ஹுட் புயலின் மிச்சம் தோரோங் லா உள்ளிட்ட அன்னபூர்ணா, தௌலாகிரி பகுதிகளில் பனிப்புயலாக இறங்கி நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வானிலை கெட்டால் பேடியில் உட்கார்ந்திருக்க உங்களுக்கு நாள் வேண்டும். அந்த நாளுக்கான லாட்ஜ் செலவையும் கைடு கூலியையும் இப்போதே பேசி எழுதி வாங்குங்கள். ஏஜென்ட் மறுத்தால் வேறு ஏஜென்டைப் பாருங்கள். முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள்.