மகள் ஐ.எஃப்.எஸ். என்கிறாள், தடுக்கலாமா?

பி.ஏ. ஆங்கிலம் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகளுக்கு ஐ.எஃப்.எஸ். (இந்திய வெளியுறவுப் பணி) தவிர வேறு பேச்சே இல்லை, நாடு நாடாகப் போகிற பெண்ணுக்கு எந்த மாப்பிள்ளை வருவான் என்று கேட்டிருக்கிறீர்கள் அம்மா. ஒரு காலத்தில் அரசாங்கமே இதைத்தான் கேட்டது, விதி எழுதி வைத்துக் கேட்டது.

சி.பி. முத்தம்மா குடகுக்காரர். சென்னையில் படித்தவர், அவரும் ஆங்கில எம்.ஏ.தான். வெளியுறவுப் பணியில் தேர்வான முதல் பெண், 1949-இல் சேர்ந்தார். திருமணம் செய்தால் ராஜினாமா செய்வேன் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் சேர்த்தார்கள். 1970-இல் ஹங்கேரிக்குத் தூதராகப் போன பிறகும் உயர்பதவி வரும்போது அவரை ஒதுக்கினார்கள். அவர் உச்ச நீதிமன்றம் போனார். 1979-இல் நீதிபதி கிருஷ்ணய்யர் அந்த விதிகளைக் கிழி கிழியென்று கிழித்தார். வழக்கு நடக்கும்போதே பதவி உயர்வும் வந்துவிட்டது. பெண் அதிகாரி கல்யாணத்துக்கு அரசிடம் அனுமதி கேட்க வேண்டும் என்ற விதியும் ஒழிந்தது.

அதற்கு முன்பே, 1973-இல், அகில இந்திய அளவில் முதலிடம் பெற்று வந்தவர் நிருபமா ராவ். கணவர் கர்நாடக ஐ.ஏ.எஸ். அதிகாரி, இரண்டு மகன்கள். இலங்கை, சீனா, அமெரிக்கா மூன்றிலும் இந்தியாவின் தூதராக இருந்தார், இடையில் வெளியுறவுச் செயலாளரும் ஆனார். ஆக, மாப்பிள்ளை கிடைப்பார். சுமார் மூன்று வருடத்துக்கு ஒருமுறை பெட்டி கட்டுவதும், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் மாற்றுவதும்தான் சிரமம். உங்களுக்கு உடம்பு முடியாதபோது அவள் வேறொரு கண்டத்தில் இருக்கலாம். அதை இப்போதே அவளோடு பேசிவிடுங்கள்.

சரி, இதற்கான யு.பி.எஸ்.சி. குடிமைப்பணித் தேர்வுக்கு வருவோம். ஏதாவது ஒரு பட்டம் போதும். வயது 21 முதல் 32, பொதுப் பிரிவுக்கு 6 வாய்ப்பு, ஓ.பி.சி. என்றால் 35 வயது வரை 9 வாய்ப்பு. முதன்மைத் தேர்வுக்கு 1750, நேர்முகத்துக்கு 275 மதிப்பெண். இரண்டையும் தமிழிலேயே சந்திக்கலாம். நகையை அடகு வைத்து டெல்லிக்கு அனுப்பாதீர்கள். சென்னையில் தமிழக அரசின் குடிமைப்பணிப் பயிற்சி மையம் இருக்கிறது, நுழைவுத் தேர்வில் தேறினால் கட்டணம் இல்லை. பட்டம் முடித்ததும் இரண்டு முறை முழு மூச்சாக எழுதட்டும். அப்புறமும் எழுத ஆசைப்பட்டால், கையில் ஒரு வேலையை வைத்துக்கொண்டு எழுதட்டும்.

எனக்குக் கவலை, அந்த "ஐ.எஃப்.எஸ். மட்டும்" என்ற பிடிவாதத்தில்தான். தேர்வு எல்லாப் பணிக்கும் ஒன்றுதான். எந்தப் பணி என்பதை ரேங்க்கும் அவள் கொடுக்கும் விருப்ப வரிசையும் சேர்ந்து முடிவு செய்யும். ஐ.எஃப்.எஸ்.ஸுக்கு வருடத்துக்குச் சில பத்து இடங்கள்தான். ரேங்க் சற்றுத் தள்ளி வந்து வருமான வரித் துறை கிடைத்தால் சேருவாளா? மாப்பிள்ளை பேச்சை விட்டுவிட்டு, இந்த வாரம் அதைக் கேளுங்கள்.