பாரசீகப் பேரரசின் கீழ் இருந்த லீசியா எப்படித் தன் சொந்த வெள்ளி நாணயத்தை அச்சடித்தது?

தமிழ் பைபிள் படித்தவர்களுக்கு லீசியா தெரிந்த பெயர்தான். பவுல் ரோமுக்குப் போகும் வழியில் கப்பல் மாறிய மீறாப்பட்டணம் அங்கே, இன்றைய துருக்கியின் தென்மேற்குக் கரையில் இருந்தது. நீங்கள் கேட்பது அதற்கும் ஐந்நூறு ஆண்டுகள் முந்தைய காலம்.

கி.மு. 540 வாக்கில் பாரசீகத் தளபதி ஹார்பகஸ் லீசியாவைப் பிடித்தார். அதன்பின் பேரரசுக்கு வேண்டியது கப்பமும் படையும்தான். கி.மு. 480இல் கிரேக்கத்தின் மீது பாரசீகப் பேரரசர் செர்க்சஸ் படையெடுத்தபோது லீசியர்கள் 50 கப்பல்கள் கொடுத்ததாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். இவை ஒழுங்காக வந்தால் போதும்; உள்ளூர் வெள்ளியில் யார் பெயர் இருக்கிறது என்பதில் பேரரசு தலையிடவில்லை.

லீசியாவுக்குள்ளும் ஒரே அரசர் கிடையாது, பல சிற்றரசர்கள். ஆரம்ப நாணயங்களில் காட்டுப்பன்றி, பின்பக்கம் வெறும் சதுரப் பள்ளம். அப்புறம் மூன்று வளைந்த கைகள் சுழல்வது போன்ற சின்னம் வந்தது; பக்கத்தில் சிற்றரசரின் பெயர், லீசிய மொழியில், லீசிய எழுத்தில். எடைகூட நாடு முழுக்க ஒன்றாக இல்லை. மேற்கே சாந்தோஸ் நகரப் பக்கத்து நாணயம் சுமார் எட்டரை கிராம், நம் ஒரு பவுனைவிடச் சற்று அதிகம். கிழக்கே அதைவிடக் கனம்.

எனக்கு மிகவும் பிடித்தது கி.மு. 400ஐ ஒட்டி கெரெயி என்ற சிற்றரசர் வெளியிட்ட நாணயம். ஒரு பக்கம் தலைக்கவசத்தோடு கிரேக்கத் தெய்வம் அதீனா. திருப்பினால் பாரசீகத் தலைப்பாகை அணிந்த தாடிக்காரர், அந்தச் சிற்றரசரேதான். உயிரோடிருக்கும் மனிதரின் முகத்தை நாணயத்தில் பொறிப்பது அன்று மிகப் புதிய பழக்கம். உலகின் முதல் சில உதாரணங்களில் இதுவும் ஒன்று. பாரசீக உடை, கிரேக்கத் தெய்வம், லீசிய எழுத்து மூன்றும் விரல்நுனி அளவு வெள்ளியில் ஒன்றாக இருப்பதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

சிற்றரசர்களில் கடைசிப் பெரிய பெயர் லிமிரா நகரின் பெரிக்ளே. ஏதென்ஸின் புகழ்பெற்ற தலைவர் பெரிக்ளீஸ் பெயரையே தாங்கியவர். அவருடைய நாணயத்தில் முகம் பக்கவாட்டில் இல்லாமல், பறக்கும் தலைமுடியோடு கிட்டத்தட்ட நம்மை நேராகப் பார்க்கிறது. கி.மு. 360களில் பேரரசருக்கு எதிராகப் பாரசீக ஆளுநர்கள் செய்த கலகம் அடங்கியபின் லீசியா பக்கத்துக் காரியாவின் ஆளுநர் மௌசோலஸ் கைக்குப் போனது. சிற்றரசர்களின் நாணயங்களும் அதோடு நின்றுவிட்டன.