மாவு பிசையும் ஸ்டாண்ட் மிக்சரின் மோட்டார் ஓடுகிறது, ஆனால் கொக்கி சுற்றவில்லை. வீட்டிலேயே பிரித்துச் சரிசெய்யலாமா? உடைந்த பல்சக்கரத்துக்குப் பதில் எஃகில் போட்டுப் பலப்படுத்தலாமா?

உங்கள் இயந்திரம் வாங்கிச் சில ஆண்டுகள் ஆகியிருக்கும், வாரண்டி முடிந்திருக்கும், பிரெட் மாவு பிசையும்போது கடகடவென்று சத்தம் வந்து கொக்கி நின்றிருக்கும் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். வாரண்டி மிச்சமிருந்தால் ஒரு திருகைக்கூடக் கழற்றாதீர்கள். முடிந்துவிட்டதென்றால், வீட்டிலேயே பிரித்துச் சரிசெய்யலாம். ஆனால் எஃகுப் பல்சக்கரம் மட்டும் போடாதீர்கள்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். மேல்தலைக்குள் மோட்டார் கிடையாகப் படுத்திருக்கும். அதன் தண்டின் நுனியில் திருகுப்புரி போல வெட்டியிருக்கும் பகுதிதான் வார்ம். அது தன்னோடு பொருந்திய ஒரு பல்சக்கரத்தைச் சுழற்றும்போது மோட்டாரின் வேகம் குறைந்து, மாவைப் புரட்டும் வலுவாக மாறுகிறது. இந்த ஒரு சக்கரத்தை மட்டும் பல தயாரிப்பாளர்கள் வேண்டுமென்றே மென்மையான உலோகத்திலோ நைலானிலோ செய்கிறார்கள். கெட்டி மாவில் கொக்கி சிக்கிக்கொண்டால், வீட்டு மின்பெட்டியில் ஃபியூஸ் கம்பி போவதைப் போல, மோட்டாருக்குப் பதிலாக இது போய்விட வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. அதை எஃகில் மாற்றினால் அடுத்த முறை சுமை முழுவதும் மோட்டாரின் சுழலும் பகுதியான ஆர்மேச்சரில் ஏறும், அதிலுள்ள கம்பிச் சுருள், அதாவது காயில், கருகும். "நான் எஃகு போட்டு நன்றாகத்தான் ஓட்டுகிறேன்" என்று சிலர் எழுதுவார்கள் என்று தெரியும். கேக் மாவும் கிரீமும் மட்டும் அடிப்பவர்களுக்கு அது ஓடலாம். நான் வாரந்தோறும் பன் மாவு பிசைகிறவள். அந்த அனுபவத்தில்தான் பேசுகிறேன்.

கோயம்புத்தூர் கணபதிப் பக்கம் வீட்டிலிருந்தே பன்னும், ஊத்துக்குளி வெண்ணெயில் பிஸ்கட்டும் செய்து கொடுக்கிறேன். தீபாவளி ஆர்டர்கள் குவிந்திருந்த நேரத்தில் என் இயந்திரம் இதேபோல் நின்றது. சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு போனால், பல்சக்கரம் தனியாக விற்பனைக்கு இல்லை, கியர் பெட்டியை மொத்தமாக வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும், அதைவிடப் புதிதே வாங்கிவிடலாம் என்றார்கள். திறந்துகூடப் பார்க்காமல் இதைச் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் 1937இல் பீளமேட்டில் மின்மோட்டார் செய்த ஊர் இது; 1955இல் சபாபதி என்பவர் வெட் கிரைண்டரை உருவாக்கிய ஊர். இங்கே ஒரு சின்னப் பல்சக்கரத்துக்காக, உள்ளங்கை அகலப் பொருளுக்காக, பத்து கிலோ இரும்பைக் குப்பையில் போடச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளமே தொடங்கியது. அப்படியிருந்தும் உதிரி பாகம் கேட்டால் நம்மையே குற்றவாளி போலப் பார்க்கிறார்கள்.

வீட்டில் வைத்துத்தான் பிரித்தேன். முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. என்னுடைய மாதிரியில் கொக்கி மாட்டும் சுழல் பகுதியை ஒரு சிறு ஊசி குறுக்கே பிடித்திருந்தது. தலைக்கு அடியில் மரக்கட்டையை முட்டுக் கொடுத்து, பஞ்ச் என்னும் இரும்புக் குச்சியை வைத்துச் சுத்தியலால் தட்டியதும் அது வந்தது. பிறகு பின்மூடி, அதன்பின் அடியிலுள்ள திருகுகள். தலையைத் தூக்கியதும், பழுப்பேறி அல்வாப் பதத்தில் இறுகிப்போன கிரீஸ் தெரிந்தது. துணியால் வழித்து வெளிச்சத்தில் காட்டியபோது அதற்குள் மஞ்சள் உலோகத் தூள் மினுங்கியது. சக்கரத்தின் ஒரு பக்கத்தில் பற்கள் முழுதாக இருந்தன. மறுபக்கத்தில் சீவி எடுத்தாற்போல மழுங்கிப் போயிருந்தன. வார்மில் ஒரு கீறல்கூட இல்லை.

உங்கள் மாதிரிக்கு இணையத்தில் அசல் சக்கரம் கிடைத்தால் அதையே வாங்குங்கள். எனக்குக் கிடைக்கவில்லை. ஆவாரம்பாளையத்தில் கியர் வெட்டும் ஒரு பட்டறைக்கு எடுத்துப் போனேன். எஃகிலேயே வெட்டிக் கொடுங்கள் என்று கேட்கலாமா என்ற எண்ணம் எனக்கும் இருந்தது. அந்தப் பெரியவர் சக்கரத்தைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "அம்மிணி, இது போனதுனாலதானுங்க மோட்டாரு தப்பிச்சுது. இரும்புல போட்டா அடுத்த தடவ காயில் கட்டத்தான் வரோணும்" என்றார். தேயாத பக்கத்துப் பற்களை அளவெடுத்து, செம்பும் வெள்ளீயமும் கலந்த கன்மெட்டலில் வெட்டிக் கொடுத்தார். வார்மையும் கூடவே கொண்டு போங்கள். பல்லின் சாய்வும் சுழலும் திசையும் அதோடு பொருந்தினால்தான் சக்கரம் ஓடும். புதிய இயந்திரத்தின் விலையோடு பார்த்தால் செலவு சொற்பம்.

பலப்படுத்த வேண்டும் என்று நீங்கள் கேட்பது தவறில்லை. பலப்படுத்த வேண்டிய இடங்கள் வேறு. முதலாவது கிரீஸ். பழையதை முழுவதும் வழித்தெடுத்து, உணவு இயந்திரங்களுக்கென்று விற்கும் கிரீஸை, சக்கரமும் வார்மும் மூழ்கும் அளவுக்கு வையுங்கள். வண்டிக் கிரீஸ் வேண்டவே வேண்டாம்; அதன் எண்ணெய் பிரிந்து தண்டு வழியாக மாவுக் கிண்ணத்தில்தான் சொட்டும். மூடி இணையும் இடத்தில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் காய்ந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். அடுத்து, சுழலும் ஆர்மேச்சருக்கு மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் பிரஷ்கள். ஆறு மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். அதே அளவில் கிடைக்காவிட்டால் மோட்டார் ரீவைண்டிங் கடைகளில் சற்றுப் பெரிதாக வாங்கித் தேய்த்துப் பொருத்தலாம்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த இயந்திரம் என்றால் இன்னொன்று இருக்கிறது. அது 120 வோல்ட்டுக்குச் செய்தது. இங்கே வருவது 230. பிளக்கின் வடிவத்தை மட்டும் மாற்றும் அடாப்டர் வோல்ட்டைக் குறைக்காது. இயந்திரத்தில் 300 வாட் என்று போட்டிருந்தால், ஓடத் தொடங்கும்போது இழுக்கும் கூடுதல் மின்சாரத்தையும் சேர்த்து அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் தாங்கும், வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வாங்குங்கள். எர்த் இணைப்பைத் துண்டித்து ஓட்டுவது உயிருக்கே ஆபத்து.

மாட்டி முடித்ததும் கிண்ணத்தில் எதுவும் போடாமல், மிகக் குறைந்த வேகத்தில் சிறிது நேரம் ஓட்டுங்கள். பிறகு வெறுங்கிண்ணத்தில் ஒரு ரூபாய் நாணயத்தைப் போட்டு, தட்டையான அடிப்பானை மாட்டி ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் நாணயம் ஒரு விரல் அகலம் நகர வேண்டும். நகரவில்லை என்றால் அடிப்பான் உயரத்தில் இருக்கிறது. இடைவிடாமல் இழுபட்டால் கிண்ணத்தில் உரசுகிறது. தலை சாயும் மாதிரிகளில் கழுத்து மூட்டில் இதற்கென்றே ஒரு திருகு இருக்கும். கால் சுற்றுக்கு மேல் ஒரேயடியாகத் திருப்பாதீர்கள்.

அதன்பிறகு பன் மாவை இரண்டு பங்காகப் பிரித்து, இரண்டாம் எண் வேகத்தைத் தாண்டாமல் பிசையுங்கள். நீங்கள் எவ்வளவு மாவு போட்டீர்கள் என்பது கேள்வியில் இல்லை. சக்கரத்தைக் கழற்றியதும் பல் போன இடத்தைப் படமெடுத்துக் கேள்வியில் சேருங்கள். பல் முறிந்திருந்தால் அளவுக்கு மீறிய மாவு காரணமாக இருக்கலாம். படிப்படியாகத் தேய்ந்திருந்தால் கிரீஸையும் வார்மின் பொருத்தத்தையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.